ஃபிடில் இசையின் வில் குறிகளை அச்சில் கொண்டுவர எந்த மென்பொருள்?

வயலின் பாடப் புத்தகம் எதை எடுத்தாலும் வில்லுக்கு இரண்டே குறிகள்தான். அடிப்பக்கம் திறந்த சின்னக் கட்டம் இருந்தால் டவுன், அதாவது வில்லை இழுக்க வேண்டும். கூர்முனை கீழே பார்க்கும் 'வி' வடிவம் இருந்தால் அப், தள்ள வேண்டும். இவற்றோடு, பல ஸ்வரங்களை ஒரே வில்லில் சேர்த்து வாசிக்கச் சொல்லும் ஸ்லர் வளைவு. செவ்வியல் இசைக்கு இவை ஏறக்குறைய போதும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே, அமெரிக்கத் தென்மாநிலங்கள் என்று ஊருக்கு ஊர் வேறுபடும் நாட்டார் ஃபிடில் இசைக்குப் போதாது (ஃபிடில் என்பது நாட்டார் இசையில் வயலினுக்குப் பெயர்). அங்கே மெட்டு பெரும்பாலும் எளிமையானது. ஒரு வட்டார வாசிப்பை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது வில்தான். அதை எழுதிக் காட்டப் போனால் இசையை எழுதி அச்சிட உதவும் எந்த நொட்டேஷன் மென்பொருளிலும் இல்லாத குறிகள் தேவைப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்க ஓல்ட்-டைம் ஃபிடிலில் ஜார்ஜியா ஷஃபிள் என்று ஒரு வில் வழக்கம் உண்டு. பாருக்கு, அதாவது நான்கு தட்டு கொண்ட ஒரு தாளக் கட்டத்துக்கு, அரைத் தட்டு நீளமுள்ள எட்டு ஸ்வரங்கள் (குவேவர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதும் ஏழாவதும் தனித்தனி டவுன். நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஒரே அப். எட்டாவது ஸ்வரத்தில் தொடங்கும் அப், பார் கோட்டைத் தாண்டி அடுத்த பாரின் முதல் இரண்டு ஸ்வரங்களையும் சேர்த்துக்கொண்டு போகும். மூன்று ஸ்வரங்களுக்குத் தள்ளிக்கொண்டு போன வில், ஒரே ஸ்வரத்துக்குள் அத்தனை தூரமும் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் வேகமாக வருகிறது, அந்த ஒற்றை ஸ்வரம் தானாகவே ஓங்கி ஒலிக்கிறது. இரண்டாம், நான்காம் தட்டில் விழும் அந்த ஓங்கல்தான் இந்த வாசிப்பின் உயிர். இதைக் காட்டுகிறேன் என்று அந்த ஸ்வரத்தின் மேல் அழுத்தி வாசிக்கச் சொல்லும் ஆக்ஸென்ட் குறியும் போட்டுவிட்டால், புதிதாகப் படிப்பவர் வில் தரும் ஓங்கலோடு தன் கை அழுத்தத்தையும் சேர்த்துக் குத்திவிடுவார். சரி, ஆக்ஸென்ட் வேண்டாம், 'இங்கே வில் வேகமாக ஓடுகிறது' என்று சொல்லும் மெல்லிய குறி ஒன்று வேண்டும் என்றால், அங்கேதான் மென்பொருளோடு மல்லுக்கட்டல் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடன மெட்டில் அப்-டிரிவன் என்று சொல்லும் வில் இன்னொரு வகை. நான்கு ஸ்வரங்களில் முதலாவது டவுன், மீதி மூன்றும் ஒரே அப். ஆனால் அந்த மூன்றும் வழுக்கிக்கொண்டு போகாது. நடுவில் வில் ஒரு தள்ளு தள்ளும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஃபிடில் கலைஞர் நீல் கௌ அப் வில்லின் வலுவுக்காகவே பேசப்பட்டவர். அவருக்கு வெகுகாலம் பின்னால் வந்த ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) வில் முறைகளைக் காகிதத்தில் கொண்டுவர மிகவும் மெனக்கெட்டார். இவை போக, ஸ்லருக்குள் வரும் துடிப்பு, வில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் போகும் விழுங்கிய ஸ்வரம், வில்லைத் தூக்கி மீண்டும் வைக்கும் இடம், வில்லின் நுனியிலா அடியிலா என்கிற குறிப்பு என்று பட்டியல் நீளும்.

மென்பொருளைத் தேர்வதற்கு முன் இந்தப் பட்டியலைக் குறைப்பதுதான் முதல் வேலை. பாதிக் குறிகளுக்கு மாற்று ஏற்கனவே இருக்கிறது. ஸ்லருக்கு உள்ளே டெனூட்டோ கோடு போட்டால், வில்லை நிறுத்தாமல் ஒவ்வொரு ஸ்வரத்தையும் லேசாக அழுத்து என்று எந்த வயலின்காரருக்கும் புரியும். விழுங்கிய ஸ்வரத்துக்கு அடைப்புக்குறிக்குள் ஸ்வரத் தலை போதும். வில் தூக்கலுக்கு மூச்சுக் குறியான காற்புள்ளியும் அதன்பின் இன்னொரு டவுனும் போதும். இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று குறிகளுக்குத்தான் புது வடிவம் வரைய வேண்டும். அதற்கு மேல் போனால் வாசிப்பவர் குறி விளக்கப் பக்கத்துக்கும் மெட்டுக்கும் நடுவே அலைவார்.

மிஞ்சியவற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு ஸ்வரத்தின் மேல் உட்காரும் புள்ளிக் குறிகள் ஒரு பக்கம். பல ஸ்வரங்களுக்கு நீளும் கோடு, வளைவு, அடைப்பு ஆகியவை மறுபக்கம். புள்ளிக் குறியை எந்த மென்பொருளிலும் எப்படியாவது ஒட்டவைத்துவிடலாம். நீளும் குறிதான் வரி உடையும்போது, பக்கம் மாறும்போது, சுருதி மாற்றும்போது மென்பொருளின் சாயத்தை வெளுக்க வைக்கும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. புதுக் குறி முதல் முறையிலேயே சரியாக அமையாது. வாசிப்பவர் பார்த்துவிட்டு "ஆக்ஸென்ட் மாதிரி தெரிகிறதே, இன்னும் மெலிதாக வேண்டும்" என்பார். அறுபது மெட்டு உள்ள தொகுப்பில் அந்தக் குறி எழுநூறு இடத்தில் இருக்கலாம். அப்போது ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறுமா, இல்லை எழுநூறு இடத்திலும் கை வைக்க வேண்டுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் கீழே உள்ளவற்றை எடைபோடுகிறேன்.

லில்லிபாண்ட்

1996-இல் இரண்டு டச்சு இசைக்கலைஞர்கள் தொடங்கிய இலவச மென்பொருள். இதில் இசை எழுதும் ஐந்துகோட்டின் மேல் சுட்டியால் எதையும் வைக்க முடியாது. இசையை எழுத்தாகத் தட்டச்சு செய்து ஓடவிட்டால் பிடிஎஃப் வரும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் பிழைச் செய்தி பத்து வரிக்கு வரும், உண்மையான தவறு அதற்கும் மேலே எங்கோ இருக்கும்.

நம் வேலைக்கு மட்டும் இது அச்சு அசலாகப் பொருந்துகிறது. 'துடிப்பு' என்று ஒரு பெயர் வைத்து, அதன் வடிவத்தைக் கோடுகளாக ஒரே முறை வரையறுத்துவிடலாம். பிறகு வேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினால் போதும். வரையறையைத் தனிக் கோப்பில் வைத்து, அறுபது மெட்டுக் கோப்புகளும் அதை உள்ளே அழைக்கும்படி செய்துவிட்டால், கோட்டின் தடிமனை ஓரிடத்தில் மாற்றி மறுபடி ஓடவிடுவதோடு திருத்தம் முடிந்தது. குறி ஸ்லருக்கு உள்ளே இருக்க வேண்டுமா வெளியேயா என்பதையும் அந்த வரையறையிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வோர் இடத்திலும் இழுத்துச் சரிசெய்யும் பாடு மிச்சம்.

நீளும் குறிகளுக்கும் வசதி உண்டு. சாதாரண ஸ்லர் போக, அதைத் தனக்குள் அடக்கும் ஃபிரேஸ் ஸ்லர், அதாவது ஒரு இசைத் தொடரைக் காட்டும் வளைவு, தனியாக இருக்கிறது. ஸ்லர்களுக்கு அடையாள எண் கொடுத்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டவும் விடலாம். ஐந்துகோட்டுக்குக் கீழே கிடைமட்ட அடைப்புகள் போடும் வழியும் உண்டு. வில் தொகுப்பை ஸ்லரால் காட்டினால் மெட்டின் ஃபிரேஸோடு குழம்புகிறது என்று நினைப்பவர்களுக்கு அந்த அடைப்பு நல்ல மாற்று.

இன்னொரு வசதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வில் குறிகளுக்கு மட்டும் ஒரு டேக் (அடையாளப் பெயர்) போட்டுவிட்டால், ஒரே கோப்பிலிருந்து குறிகளோடு ஒரு பிரதியும் குறிகள் இல்லாமல் ஒரு பிரதியும் எடுக்கலாம். நாட்டார் இசைக்காரர்களில் பாதிப் பேர் "வில்லை என்னிடம் விடு, மெட்டை மட்டும் கொடு" என்பவர்கள். அவர்களுக்குத் தனிக் கோப்பு பராமரிக்க வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், இதற்குள் போன இசை வெளியே வருவது கடினம். நொட்டேஷன் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று இசையைப் பரிமாறும் பொது வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பை உள்ளே எடுத்துக்கொள்ளும். நம்பி அனுப்பும் அளவுக்கு வெளியே தராது. கூடவே வேலை செய்பவருக்கு லில்லிபாண்ட் தெரியாது என்றால் நீங்கள் தனித்தீவுதான்.

மியூஸ்ஸ்கோர்

இதுவும் இலவசம். இன்றைய நான்காம் பதிப்பு வரிசை 2022 டிசம்பரில் வந்தது. ஒருவர் தன் பத்து மெட்டுகளை எழுதி மாணவர்களுக்குக் கொடுக்கப் போகிறார் என்றால் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். முதல் ஸ்வரத்தையும் கடைசி ஸ்வரத்தையும் தேர்ந்து ஸ்லர் விசையை அழுத்தினால் பார் கோடு தாண்டிய வளைவு வந்து உட்காரும். அந்த வளைவைப் புள்ளிக் கோடாகவோ விட்டுவிட்டு வரும் கோடாகவோ மாற்றவும் செய்யலாம். ஜார்ஜியா ஷஃபிள் எழுத நிமிடக்கணக்கில்தான் ஆகும்.

புதுக் குறிக்கு இங்கே மூன்று வழிகள். மாஸ்டர் பேலட் என்ற தொகுப்பில் ஆயிரக்கணக்கான சின்னங்கள் கிடக்கின்றன. தலைகீழாக்கிய டவுனும் அப்பும்கூட உண்டு. ஒன்றைத் தேர்ந்து ஸ்வரத்தின் மேல் வைக்கலாம், அது ஸ்வரத்தோடு நகரும். ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதுவாக விலகிக்கொள்ளாது. இரண்டாவது, ஐந்துகோட்டோடு ஒட்டி எழுதும் ஸ்டாஃப் டெக்ஸ்ட் ஒன்றுக்குள் சின்னத்தைப் போடுவது. டெக்ஸ்ட் மற்றவற்றோடு மோதாமல் விலகும், ஆனால் பெரும்பாலும் ஸ்லருக்கு வெளியே போய் நிற்கும். மூன்றாவது, எஸ்விஜி படமாக (கோடுகளால் ஆன படக் கோப்பு) கொண்டுவந்து ஒட்டுவது. அவசரத்துக்கு ஆகும், வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். நீளும் குறிக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் கொக்கியும் எழுத்தும் வைக்கக்கூடிய கோடுகள் இருக்கின்றன. வரி உடைந்தாலும் சரியாகத் தொடரும்.

அமைத்த குறியை உங்கள் சொந்தப் பேலட்டில் சேர்த்துவைத்து ஒரே சொடுக்கில் எடுக்கலாம். இங்கேதான் நான் கேட்ட கேள்வி வருகிறது. பேலட்டிலிருந்து எடுத்து வைப்பது ஒரு நகல். பேலட்டில் உள்ள மூலத்தை மாற்றினால் ஏற்கனவே வைத்தவை மாறாது. ஒரு கோப்புக்குள் ஒரே மாதிரி உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்து பண்புகளை மாற்றலாம் என்பது உண்மைதான். அறுபது கோப்பு என்றால் அறுபது முறை திறந்து மூட வேண்டும். முழுத் தொகுப்பையும் ஒரே கோப்பில் எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. அதுவும் ஓர் அளவைத் தாண்டினால் தள்ளாட ஆரம்பிக்கும்.

டோரிகோ

ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2016 அக்டோபரில் வெளியிட்டது. முன்பு சிபேலியஸ் என்ற நொட்டேஷன் மென்பொருளை உருவாக்கிய குழுவே இங்கே வந்து புதிதாக எழுதிய மென்பொருள். இதில் அப், டவுன் இரண்டும் 'வாசிப்பு உத்தி' என்ற வகைக்குள் வரும். விலை கூடிய ப்ரோ பதிப்பில் அந்த வகைக்குள் நீங்களே புது உத்தி சேர்க்கலாம். வடிவம் எழுத்துருச் சின்னமாக இருக்கலாம், எழுத்தாக இருக்கலாம், படமாகவும் இருக்கலாம். தட்டச்சு செய்து வரவழைக்க ஒரு சுருக்கச் சொல்லையும் கொடுத்துவிடலாம். வரையறையைத் திருத்தினால் அந்தக் கோப்பில் உள்ள எல்லாமே மாறும். கோடுகளையும் ஸ்வரத் தலையிலோ பார் கோட்டிலோ தாள இடத்திலோ விரும்பிய இடத்தில் கட்டலாம். சுட்டி வைத்து வேலை செய்கிறவருக்கு லில்லிபாண்டின் ஒழுங்கு கிடைக்கிற ஒரே இடம் இது என்று சொல்வேன்.

தடை விலைதான். ஃபிடில் மெட்டு ஒற்றை வரி. இசைக்குழு முழுவதற்குமான பிரதிகள் தயாரிக்கும் மென்பொருளை அதற்காக மட்டும் வாங்குவது அதிகம். வேறு வேலைக்கு ஏற்கனவே வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சிபேலியஸிலும் சொந்தச் சின்னங்களையும் கோடுகளையும் வரையறுக்க முடியும். கையில் இருந்து பழகியும் இருந்தால் தொடருங்கள், இதற்காகப் புதிதாகப் போக வேண்டாம். ஃபினாலே என்ற பழைய மென்பொருளின் விஷயம் வேறு. வடிவ வரைவிலும் ஆர்ட்டிகுலேஷன் (ஸ்வரத்தை வாசிக்கும் விதத்தைச் சொல்லும் குறி) வரையறையிலும் அது ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. ஃபிடில் தொகுப்பு போட்ட பலரும் அதில்தான் குறிகளை வரைந்தார்கள். 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அதை வெளியிடும் மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்துவிட்டது. பழைய கோப்புகள் இருந்தால் கணினி இன்னும் ஓடும்போதே மியூசிக்எக்ஸ்எம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்து வையுங்கள். இரண்டும் வேண்டும். முன்னதில் ஸ்வரங்களும் ஸ்லரும் அப்-டவுனும் பிழைக்கும். நீங்கள் வரைந்த வடிவங்கள் பெரும்பாலும் தொலையும், அவை எங்கே இருந்தன என்று பார்க்கப் பின்னது கைகொடுக்கும்.

ஏபிசி

நாட்டார் மெட்டுகளுக்கென்றே கிறிஸ் வால்ஷா உருவாக்கிய எழுத்து முறை இது. 2.1 தர வரையறை 2011 டிசம்பரில் வந்தது. அயர்லாந்து மெட்டு ஒன்று வேண்டுமென்று தேடினால் முதலில் கிடைப்பது ஏபிசியாகத்தான் இருக்கும். ஸ்வரத்துக்கு முன்னால் 'யூ' எழுத்துப் போட்டால் அப், 'வி' போட்டால் டவுன், ஸ்லருக்குச் சாதாரண அடைப்புக்குறி. மின்னஞ்சலிலேயே ஒரு மெட்டை அனுப்பிவிடலாம். புதுக் குறிக்கும் வழி உண்டு: ஏபிசி கோப்புகளை அச்சுக்கு மாற்றும் சில நிரல்கள், போஸ்ட்ஸ்கிரிப்டிலோ எஸ்விஜியிலோ நீங்கள் வரைந்து கொடுக்கும் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு நிரலுக்கு மட்டுமே அது தெரியும். ஏபிசியின் பலமே எல்லா நிரலிலும் திறக்கும் என்பதுதானே? அதை இழந்த பிறகு இங்கே இருப்பதற்குக் காரணமில்லை. மெட்டுக்கும் ஸ்லருக்கும் ஏபிசி, அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறிடம்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சுத்தமான பிரதி எடுத்துப் பேனாவால் வில் குறி போட்டு ஸ்கேன் செய்வதும் ஒரு வழிதான். ஒரு பயிற்சி வகுப்புக்கு மூன்று மெட்டு என்றால் அதுவே உத்தமம், கேலியாகச் சொல்லவில்லை. அயர்லாந்தின் ஸ்லீவ் லுவாக்ரா வட்டாரத்தின் ஃபிடில் ஆசான் பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) ஐந்துகோட்டின் நான்கு இடைவெளிகளையும் நான்கு கம்பிகளாக வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் விரல் எண்களை எழுதிக் கொடுத்தே மாணவர்களைத் தயார் செய்தார். அந்தக் கையெழுத்துத் தாள்களை வைத்துக் கற்றவர்கள் பெரிய கலைஞர்களானார்கள்.

ரிப்பீட்டைத் தாண்டும் ஸ்லர்

ஜார்ஜியா ஷஃபிளுக்குத் திரும்பி வந்தால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முதல் பகுதியின் கடைசிப் பாரில் எட்டாவது ஸ்வரத்தில் தொடங்கும் அப், 'மறுபடி வாசி' என்று சொல்லும் ரிப்பீட் குறியைத் தாண்டித் தொடக்கத்துக்குப் போய் அங்கே இரண்டு ஸ்வரங்களை எடுக்க வேண்டும். தாளில் அந்த இரண்டும் நாலு வரி மேலே இருக்கின்றன. ஸ்லர் என்றால் ஒரு ஸ்வரத்தில் தொடங்கி இன்னொரு ஸ்வரத்தில் முடிய வேண்டும் என்றுதான் பல மென்பொருள்கள் எதிர்பார்க்கின்றன. அந்தரத்தில் முடியும் வளைவு அவற்றின் கணக்கில் வராது.

ஊரறிந்த தந்திரம் ஒன்று உண்டு: கடைசி ஸ்வரத்துக்குப் பின் ஒரு கிரேஸ் ஸ்வரம் (தாளக் கணக்கில் சேராத சின்ன ஸ்வரம்) வைத்து, ஸ்லரை அதில் முடித்து, அந்தக் கிரேஸ் ஸ்வரத்தை மறைத்துவிடுவது. லில்லிபாண்டில் இதற்கும் ஒரு பெயர் வைத்து வரையறுத்துக்கொள்ளலாம். மியூஸ்ஸ்கோரில் கண்ணுக்குத் தெரியாததாக்கும் விசை இருக்கிறது, ஆனால் மறைந்த ஸ்வரம் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு பார் கோட்டைத் தள்ளும். டோரிகோவில் பக்கத் தோற்றத்தைச் சரிசெய்யும் எங்ரேவ் பயன்முறைக்குப் போய் ஸ்லரின் நுனியைக் கையால் இழுத்துவிடலாம். தொடக்கத்தில் வந்து சேரும் பாதி ஸ்லரைப் புள்ளிக் கோடாகப் போடுவதே நல்லது. முதல் முறை வாசிக்கும்போது அது பொருந்தாது, இரண்டாம் முறைக்குத்தான் என்று வாசிப்பவருக்கு அதிலேயே புரிந்துவிடும்.

இன்னொரு வழி முதல் முடிவு, இரண்டாம் முடிவு என்று பிரித்து, தொடக்கப் பாரை முதல் முடிவுக்குள்ளேயே மறுபடி எழுதி, ரிப்பீட்டை இரண்டாம் பாரிலிருந்து தொடங்குவது. மெட்டு சற்று நீளும். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பதிப்பாசிரியர்கள் உண்டு. வில் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் அந்தக் கூடுதல் இடத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

அப்புறம், எதைத் தேர்ந்தாலும்

புள்ளிக் குறிகளைச் சொந்தமாக ஒரு சின்ன எழுத்துருவில் வரைந்துவிடுங்கள். இசைச் சின்னங்களுக்கு எந்த எண்ணில் எந்த வடிவம் என்று வகுக்கும் ஸ்மூஃபிள் என்ற தரம் 2013-இல் தொடங்கியது. யூனிகோடில் தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய பகுதியில் அது இயங்குகிறது. வயலின் குறிகளுக்கு அதில் தனி வரிசையே உண்டு: தலைகீழ் அப்-டவுன், பாலத்தின் பின்னால் வாசிப்பது, வில்லை மிகையாக அழுத்துவது எல்லாம் இருக்கும். உங்கள் குறி அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் வரைந்து, அந்த எழுத்துருவை மியூஸ்ஸ்கோரின் டெக்ஸ்டிலும் டோரிகோவின் உத்தியிலும் லில்லிபாண்டின் வரையறையிலும் பயன்படுத்தலாம். வடிவம் எழுத்துருவில் இருப்பதால், அதைத் திருத்தி மறுபடி நிறுவினால் மியூஸ்ஸ்கோரில்கூடப் பழைய கோப்புகளில் உள்ள குறி மாறிவிடும். மியூஸ்ஸ்கோரின் நகல் தொல்லைக்கு எனக்குத் தெரிந்த சரியான மருந்து இதுதான். நீளும் கோடுகளுக்கு மட்டும் இது உதவாது.

ஆக, பத்துப் பதினைந்து மெட்டு, புள்ளிக் குறிகள் மட்டும், மற்றவர்களும் திறந்து திருத்த வேண்டும் என்றால் மியூஸ்ஸ்கோரும் சொந்த எழுத்துருவும். ஒரு வட்டாரத்தின் வாசிப்பை முழுத் தொகுப்பாகப் புத்தகமாக்கப் போகிறீர்கள், நீளும் குறிகள் உண்டு, இரண்டு மூன்று முறையாவது குறிகள் மாறும் என்றால் லில்லிபாண்ட். கற்கும் காலத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே புத்தக வேலைக்குத் தட்டச்சு ஒத்துவராது, பணம் பிரச்சினையில்லை என்றால் டோரிகோ ப்ரோ.

முடிவெடுக்கும் முன் ஒரு மெட்டை மட்டும் முழுதாக எழுதிப் பாருங்கள். எளிதான மெட்டை எடுக்காதீர்கள். பார் கோடு தாண்டும் ஸ்லர், ரிப்பீட், ஒரு புதுப் புள்ளிக் குறி, ஒரு நீளும் குறி நான்கும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். எழுதி முடித்ததும் அதை வேறு சுருதிக்கு மாற்றி, பக்க அகலத்தையும் பாதியாகக் குறைத்து, எந்தெந்தக் குறி இடம் மாறிப்போயிற்று என்று எண்ணுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, ஃபிடில் வாசிப்பவர் நிற்கும் தூரத்தில் ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது தெளிவாக இருந்த மெல்லிய கோடுகள் பல அங்கே கண்ணுக்கே தெரியாது.